சொல்லை உடைத்துப் பாருங்கள்!



அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கிறது. ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி. 'ஸ்பெல்லிங் பீ' என்று பெயர். 1925ம் ஆண்டு ஒன்பதே ஒன்பது பிள்ளைகளோடு ஆரம்பித்தது. இன்று அந்த நாடு முழுவதும் பள்ளி பள்ளியாக வடிகட்டி, அதில் தேறியவர்கள்தான் கடைசி மேடைக்கு வர முடியும். எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமில்லை. ஆக, அது முழுக்க முழுக்க உங்கள் வயதுக்காரர்களின் போட்டி!

2021ம் ஆண்டு அந்தப் போட்டியில் வென்றவர் ஸைலா அவாண்ட்கார்ட் என்ற 14 வயதுச் சிறுமி. கடைசியாக அவருக்குக் கொடுத்த சொல் என்ன தெரியுமா? 'முர்ராயா'.

என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் பார்க்கிற பொருள்தான். ரசத்தில் மிதக்கும், அதை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து அம்மாவிடம் திட்டு வாங்குவீர்களே, அந்தக் கறிவேப்பிலை! முர்ராயா என்பது ஒரு செடிப் பேரினத்தின் பெயர். கறிவேப்பிலைக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவியல் பெயர் 'முர்ராயா கோனிகி'. இதில் முர்ராயா என்பது முர்ரே என்ற தாவரவியல் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. கோனிகி என்பது யார்? ஜோகன் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர். 1768ம் ஆண்டு கப்பலேறி நம் தரங்கம்பாடிக்கு வந்தவர். மருத்துவம் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகச் செடிகொடிகளைத் தேடி அலைந்தவர். பார்த்தீர்களா, வாயில் நுழையாத ஒரு சொல்லை உடைத்தால் உள்ளே தரங்கம்பாடி இருக்கிறது!

அந்தப் போட்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சொல்லைக் கேட்டதும் யாரும் மடமடவென்று எழுத்துக்களை ஒப்பிப்பதில்லை. நடுவரிடம் கேள்வி கேட்கிறார்கள். 'இதற்கு என்ன பொருள்? எந்த மொழியிலிருந்து வந்தது? ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல முடியுமா?' இப்படிக் கேட்க விதியிலேயே அனுமதி உண்டு. ஸைலாவும் 'முர்ரே என்ற பெயர் இதற்குள் இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டுதான் எழுத்துக்கூட்டினார். லட்சக்கணக்கான சொற்களை யாராலும் நெட்டுருப் போட முடியாது. சொல் எங்கிருந்து வந்தது, எப்படிச் சேர்ந்தது என்று தெரிந்தால், கேள்விப்படாத சொல்லைக்கூடப் பிடித்துவிடலாம். இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் இந்தப் போட்டியில் கொடிகட்டிப் பறப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதன்முதலில் வென்றவர் பாலு நடராஜன், 1985ல். 2019ல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றார்கள். அதில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. இவர்கள் எல்லாருமே வேர்ச்சொல் படித்தவர்கள்தாம்.

நம் ஊரில் நாம் எப்படிப் படிக்கிறோம்? கடையில் ஒரு கைடு வாங்குகிறோம். இடப் பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு கோடு, வலப் பக்கம் தமிழில் ஒரே ஒரு பொருள். கையால் வலப் பக்கத்தை மறைத்துக்கொண்டு, ஆடி ஆடி ஒரு நாளைக்கு இருபது சொல் மனப்பாடம். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், 'மாமாவுக்கு ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் காட்டு' என்று பெற்றோர் வேறு முடுக்கிவிடுவார்கள். மாமா பாவம், பஸ்ஸில் வந்த களைப்பில் ஒரு வாய்க் காபி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த 'ஒரு சொல், ஒரு பொருள்' படிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நன்றாகப் படிப்பவள். ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றுக்குப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போயிருந்தோம். 'எங்கள் தலைமையாசிரியர் நேரம் தவறாமைக்குப் புகழ்பெற்றவர்' என்று எழுத நினைத்தவள், 'நொட்டோரியஸ்' என்ற சொல்லைப் போட்டுவிட்டாள். அவள் வைத்திருந்த கைடில் 'நொட்டோரியஸ் - பேர்பெற்ற' என்றுதான் அச்சடித்திருந்தது. உண்மையில் அது கெட்ட பெயர் எடுத்தவர்களைக் குறிக்கும் சொல். பலமுறை சிறைக்குப் போன திருடனைத்தான் அப்படிச் சொல்வார்கள். பரிசளிப்பின்போது நடுவராக வந்திருந்தவர், யார் எழுதியது என்று சொல்லாமல், அந்த வரியை மட்டும் மைக்கில் படித்துக் காட்டிச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. தலைமையாசிரியர்கூடச் சிரித்துவிட்டார். சிரிக்காத ஒருத்தி, எழுதியவள் மட்டும்தான்.

அன்றிலிருந்து அவளுடைய ஆங்கிலம் நான்கு சொற்களுக்குள் அடங்கிப் போனது. 'குட்', 'வெரி குட்', 'நைஸ்', 'வெரி நைஸ்'. மாமல்லபுரமும் நைஸ், மகாத்மா காந்தியும் நைஸ். 'ஏம்மா, வேறு சொல்லே கிடைக்கலையா?' என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். 'தப்பா ஆயிடுமோன்னு பயமா இருக்கு சார்' என்றாள் ஒருநாள்.

அந்த நடுவர் ஒரே ஒரு நிமிடம் செலவழித்து, அவளைத் தனியே கூப்பிட்டு விளக்கியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. பெரிய சொல்லைப் பயன்படுத்தத் துணிந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது, நடக்கத் தொடங்கிய குழந்தை விழும்போது கைதட்டிச் சிரிப்பதைப் போன்றது. நாம் சொல்ல வந்தது அதுவல்ல. அந்தப் பயம் எப்படிப் போனது என்பதுதான்.

பள்ளிக்கு வரும் ஆங்கிலச் செய்தித்தாள்களைக் கட்டிப் போட்டிருந்தோம். அதில் ஒரு கட்டை அவளிடம் கொடுத்து, 'நொட்டோரியஸ் என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக் கோடு போடு. பொருள் பார்க்க வேண்டாம். பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று மட்டும் பார்' என்றேன். இரண்டு வாரம் தேடினாள். ஓரிடத்தில் கொள்ளைக்கூட்டம், ஓரிடத்தில் சிறைச்சாலை, ஓரிடத்தில் அடிக்கடி விபத்து நடக்கும் வளைவு. அவளே வந்து சொன்னாள்: 'இது யாரோட சேருதுன்னு பாத்தாலே தெரியுது சார்.'

சேர்க்கை சரியில்லை என்று வீட்டில் திட்டுவார்கள் அல்லவா? சொல்லுக்கும் சேர்க்கை உண்டு! ஒரு சொல்லை அகராதியில் பார்ப்பது, ஓர் ஆளின் பெயரை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வது போல. அந்தச் சொல்லை மூன்று நான்கு வாக்கியங்களில் பார்ப்பதுதான் அந்த ஆளோடு பழகுவது.

இது தமிழிலும் அப்படித்தான். 'ஒல்லி' என்றால் மெலிந்தவர். 'நோஞ்சான்' என்றாலும் மெலிந்தவர்தான். உங்கள் அக்காவை 'ஒல்லியா அழகா இருக்கே' என்று சொன்னால் ஒரு மிட்டாய் கிடைக்கலாம். 'நோஞ்சான்' என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் 'ஸ்லெண்டர்', 'ஸ்கின்னி' இரண்டுக்கும் இதே வித்தியாசம்தான். 'சைல்ட்லைக்' என்றால் குழந்தை உள்ளம் கொண்ட என்று பாராட்டு. 'சைல்டிஷ்' என்றால் சிறுபிள்ளைத்தனம் என்று குறை. இரண்டிலும் குழந்தை இருக்கிறது. ஆனால், ஒன்று கொஞ்சுகிறது, மற்றொன்று கொட்டு வைக்கிறது.

சரி, இப்போது உடைக்கிற வேலைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது!

உங்கள் அறிவியல் பாடத்திலேயே ஆரம்பிக்கலாம். ஊனுண்ணிக்கு 'கார்னிவோர்', தாவர உண்ணிக்கு 'ஹெர்பிவோர்', அனைத்துண்ணிக்கு 'ஆம்னிவோர்'. மூன்றிலும் வால் ஒன்றுதான், 'வோர்'. லத்தீன் மொழியில் விழுங்குதல் என்று பொருள். நம் 'உண்ணி'யும் மூன்றிலும் அப்படியே வால் பிடித்து வருவதைக் கவனித்தீர்களா? இனி, 'வொரேஷியஸ்' என்ற சொல்லை எங்காவது பார்த்தால், அகராதியை எடுப்பதற்கு முன்பே ஊகித்துவிடலாம். கிடைப்பதையெல்லாம் விழுங்குகிற, அடங்காப் பசியுள்ள என்று பொருள். சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் படித்துத் தள்ளுபவரை 'வொரேஷியஸ் ரீடர்' என்பார்கள். 

அடுத்து 'ஸ்பெக்ட்'. பார்ப்பது என்று பொருள். அதனால்தான் மூக்குக்கண்ணாடி 'ஸ்பெக்டகிள்ஸ்'. உள்ளே புகுந்து பார்ப்பவர் 'இன்ஸ்பெக்டர்'. மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் 'ஸ்பெக்டேட்டர்'. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. இப்போது ஒரு பெரிய சொல்: 'சர்க்கம்ஸ்பெக்ட்'. 'சர்க்கம்' என்றால் சுற்றி. 'சர்க்கிள்' ஞாபகம் வருகிறதா? இரண்டையும் ஒட்டினால் 'சுற்றிப் பார்க்கிற'. எச்சரிக்கையானவர், நிதானமானவர் என்று பொருள். நம் வீட்டில் பாட்டி, 'அக்கம்பக்கம் பார்த்துப் பேசுடா' என்கிறாரே, அதையேதான் ரோமானியர்களும் நினைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு லத்தீன் தெரியாது. ரோமானியருக்குத் தமிழ் தெரியாது. எண்ணம் மட்டும் ஒன்று.

'பெனெ' என்றால் நல்ல. 'மல்' என்றால் கெட்ட. நன்மை 'பெனிஃபிட்', ஊட்டக்குறைவு 'மால்நியூட்ரிஷன்'. 'வாலன்டியர்' என்றால் தானே விரும்பி வருபவர். அதில் உள்ள 'வால்' விருப்பத்தைக் குறிக்கும். இப்போது 'பெனவலன்ட்' என்றால்? நல்லதை விரும்புகிற, நல்லெண்ணம் கொண்ட. 'மலெவலன்ட்' என்றால்? நான் சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லிவிடுவீர்கள். மலேரியாவும் இதே குடும்பம்தான். இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் அந்தக் காய்ச்சல் வருகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். 1897ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும், பெயர் மாறவில்லை. குற்றவாளி கொசு, பழி இன்னும் காற்றின் மேல்!

தேர்தல் வந்தால் தெருவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டே வருபவரை ஆங்கிலத்தில் 'கேண்டிடேட்' என்கிறோம். அது ஏன் தெரியுமா? பழைய ரோம் நகரத்தில் பதவிக்குப் போட்டியிடுபவர்கள் தங்கள் உடையைச் சுண்ணாம்புப் பொடி பூசிப் பளீரென்று வெளுப்பாக்கிக்கொண்டு வாக்குக் கேட்கப் போவார்களாம். லத்தீனில் 'கேண்டிடஸ்' என்றால் வெள்ளை. வெள்ளை உடுத்தியவர் கேண்டிடேட். ஒளிவுமறைவு இல்லாத பேச்சை 'கேண்டிட்' என்று சொல்வதும் அதே வெள்ளைதான். நம் ஊரில் 'வெள்ளை மனசு', 'வெளுத்ததெல்லாம் பால்' என்று சொல்வதில்லையா? வெள்ளைச் சட்டை போட்டவர் எல்லாரும் கேண்டிட்டாகப் பேசுவார்களா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

'டிஸாஸ்டர்' என்றால் பேரிடர். உள்ளே இருக்கும் 'ஆஸ்டர்' நட்சத்திரம். நட்சத்திரம் சரியில்லை என்று பொருள்! விண்வெளி வீரர் 'ஆஸ்ட்ரோநாட்' என்றால் நட்சத்திர மாலுமி. தட்டச்சில் போடும் நட்சத்திரக் குறி 'ஆஸ்டரிஸ்க்', குட்டி நட்சத்திரம். கையை மடக்கினால் புடைக்கிறதே, அந்த 'மஸில்' என்ற சொல்லுக்கு லத்தீனில் குட்டி எலி என்று பொருள். மடக்கிப் பாருங்கள், தோலுக்குள் எலி ஓடுவது போலத்தான் இருக்கும். நீர்யானைக்கு ஆங்கிலத்தில் 'ஹிப்போபொட்டமஸ்'. கிரேக்கத்தில் ஆற்றுக் குதிரை. அதைப் பார்த்துக் கிரேக்கர்களுக்குக் குதிரை ஞாபகம் வந்திருக்கிறது, நமக்கு யானை. என் ஓட்டு நமக்குத்தான்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த உடைக்கும் வேலை ரொம்பச் சுலபம். 'போட்டோசிந்தசிஸ்' என்ற நீளமான சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். 'போட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை. ஒளிச்சேர்க்கை! 'டெலி' என்றால் தொலை. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி எல்லாமே இந்த முறையில் உருவானவைதாம். 'ஆம்ஃபிபியன்' என்றால் இரண்டு வாழ்வு, இருவாழ்வி. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள், 'எனக்கு இங்கிலீஷ் வராது' என்று ஒதுங்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. அந்தக் கடினமான சொற்களின் உட்பொருள் உங்கள் அறிவியல் புத்தகத்தில் ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பலர், அதே சொல்லைப் பொருள் தெரியாமல் ஓசையாக மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களும் தமிழ்ப் பெயரை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆங்கிலம் நம்மிடமே கடன் வாங்கியிருக்கிறது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'முல்லிகட்டானி' ஆகிச் சூப்புக் கிண்ணத்தில் ஏறிக்கொண்டது. அணைக்கட்டுக்கு 'அனிகட்', கல்லணையை ஆங்கிலத்தில் 'கிராண்ட் அனிகட்' என்றுதான் எழுதுகிறார்கள். சுருட்டு, 'செரூட்'. இப்படி இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் திரட்டி 1886ம் ஆண்டிலேயே 'ஹாப்சன் ஜாப்சன்' என்று ஓர் அகராதி வெளிவந்தது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

உடைப்பதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எம்-ஏ-எல் என்று தொடங்கும் சொல்லெல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'மேலட்' என்பது மரச்சுத்தி. கெட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஊகம் செய்யுங்கள், பிறகு அகராதியில் சரிபாருங்கள். ஊகம் சரியாக இருந்தால் சொல் மறக்காது. தப்பாக இருந்தால் இன்னும் மறக்காது!

அகராதி என்றதும் நினைவுக்கு வருகிறது. உலகப் புகழ்பெற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை உருவாக்கிய ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே. கறிவேப்பிலை முர்ரே வேறு, இவர் வேறு! ஏழைத் தையற்காரரின் மகன். 14 வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். பிறகு தாமே படித்து ஆசிரியரானார். வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை போட்டு, அதில்தான் வேலை. எந்தச் சொல் எந்தப் புத்தகத்தில் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று சீட்டில் எழுதி அனுப்பும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. அவற்றை அகர வரிசையில் அடுக்கியவர்கள் யார் தெரியுமா? அவருடைய பிள்ளைகள்! மொத்தம் பதினோரு பேர். அடுக்கினால் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும். முதல் பகுதி 1884ல் வந்தது. 1915ல் முர்ரே இறந்தபோதும் வேலை முடியவில்லை. 1928ல்தான் நிறைவடைந்தது. 4 லட்சத்துக்கும் அதிகமான சொற்கள். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, ஒரு லட்சம் சொற்களுக்கு மேல் கொண்டது. அடுத்த முறை நூலகம் போனால், இரண்டையும் தொட்டாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

முர்ரேயின் சீட்டு முறையை நாமும் பின்பற்றலாம். சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைப்பது. ஆனால், எழுதி வைத்தால் மட்டும் நினைவில் நிற்குமா? ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்பவர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885ல் புத்தகமாக எழுதினார். படித்தவுடன், முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மறதி மிக வேகமாக நடக்கிறதாம். போகப்போக வேகம் குறையும். ஆகவே ஒரே ராத்திரியில் நூறு முறை படிப்பதைவிட, இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, மூன்று நாள் விட்டு ஒருமுறை என்று படிப்பது மேல்.

இதற்கு ஒரு பெட்டி முறை இருக்கிறது. 1972ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் சொன்னது. காலியான செருப்பு அட்டைப்பெட்டி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அட்டைத் துண்டு வைத்து மூன்று அறைகளாகத் தடுத்துவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் கெட்டியான சீட்டுகள் கிடைக்கும். சீட்டின் ஒரு பக்கம் சொல்; மறுபக்கம் பொருளும், நீங்கள் படித்த வாக்கியமும், உடைத்த துண்டுகளும். புதுச் சீட்டு முதல் அறைக்குப் போகும். முதல் அறையைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் சீட்டு இரண்டாம் அறைக்குப் பாஸ்! அதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதிலும் சொல்லிவிட்டால் மூன்றாம் அறை. அது வாரம் ஒருமுறை. எந்த அறையில் இருந்தாலும் சரி, தப்பாகச் சொன்னால் மறுபடியும் முதல் அறைக்கே வர வேண்டும். பரமபத விளையாட்டில் பாம்பு கடித்தது போல! இதனால் தெரிந்த சொல்லையே திரும்பத் திரும்பப் படிக்கும் வேலை மிச்சம். தெரியாதது மட்டும் தினமும் வந்து முகம் காட்டும்.

வாரத்துக்கு ஐந்து சொல் போதும். அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். ஆண்டுக்கு 260 ஆகிறது. நாலாம் வகுப்பில் ஆரம்பித்து ஒன்பதாம் வகுப்பு முடிய ஆறு ஆண்டில் 1,560 சொற்கள், பழகிய சொற்கள். உச்சரிப்பு தெரியவில்லையா? வீட்டில் உள்ளவர்களின் கைப்பேசியில் அகராதியைத் திறந்து ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக்காட்டும். கேட்டுவிட்டு உடனே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சரியா?

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். வளர்ந்ததும் உங்கள் கைக்குப் பல காகிதங்கள் வரும். உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் 'மேண்டேட்டரி' என்று போட்டிருக்கும். கட்டாயம் நிரப்ப வேண்டும். இன்னொன்றில் 'ஆப்ஷனல்' என்று போட்டிருக்கும். விருப்பம் இருந்தால் நிரப்பலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் கட்டத்தை காலியாக விட்டதால் விண்ணப்பம் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஒப்பந்தத்தில் 'ஃபார்ஃபீட்' என்ற சொல் இருந்தால், கட்டிய பணம் திரும்ப வராமல் போகக்கூடும் என்று அர்த்தம். அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு சொல்லை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டாமா? மாமா முன்னால் ஒப்பிப்பதைவிட அதுதான் பெரிய வேலை.

சொல்லை அலங்காரத்துக்கு மாட்டிக்கொள்வதும் உண்டு. 2017ம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். உடனே ஊரே அகராதியைப் புரட்டியது. கலந்துகட்டிய குப்பை என்று பொருள். உடைத்துப் பார்த்தால், லத்தீனில் மாட்டுக்கு வைக்கும் கலப்புத் தீவனம்! பெரிய சொல்லாகத் தெரிந்தாலும், அது தொழுவத்திலிருந்துதான் வந்திருக்கிறது. அவர் சொன்ன இடத்துக்கு அது பொருந்தியது. ஆனால், அதைக் கேட்ட பிள்ளைகள் சிலர், மதியச் சாப்பாட்டில் கலந்த சாதம் வந்தாலும் ஃபராகோ, வகுப்பில் சத்தம் என்றாலும் ஃபராகோ என்று பிடித்துக்கொண்டார்கள். சின்னச் சொல் போதும் என்ற இடத்தில் சின்னச் சொல்தான் அழகு. 'தண்ணீர் வேண்டும்' என்பதற்குப் பெரிய சொல் தேடினால் தாகம்தான் அதிகமாகும்.

அந்த 'நைஸ்' மாணவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! அவள் பத்தாம் வகுப்பில், ஒரு கதையில் வரும் கிழவரைப் பற்றிய கேள்விக்கு 'சர்க்கம்ஸ்பெக்ட்' என்று எழுதியிருந்தாள். சரியான இடத்தில், சரியான சொல். விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால், 'சார், நாலு வாக்கியத்தில் பார்த்துட்டேன்' என்று குட்டியாக ஒரு குறிப்பு வேறு.

இந்த வாரம் பெட்டியின் முதல் அறையில் போட ஒரு சொல் தருகிறேன். 'ஆம்னிஷியன்ட்'. இதில் 'ஆம்னி' என்ன என்று அனைத்துண்ணியிலேயே பார்த்துவிட்டோம். ஊருக்குப் போக ஏறுகிறீர்களே ஆம்னி பஸ், அதிலும் அதே ஆம்னிதான். 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற சொல்லின் வாலை வெட்டித்தான் பஸ் என்ற சொல்லே பிறந்தது. மீதியுள்ள 'ஷியன்ட்' என்பதற்கும் 'சயின்ஸ்' என்பதற்கும் ஒரே வேர், அறிதல். இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். அப்படிப்பட்டவர் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வாக்கியமும் எழுதுங்கள். எங்கள் தெரு முனை டீக்கடை பெஞ்சில் தினமும் காலை ஏழு மணிக்கு நாலு பேர் இருக்கிறார்கள்!